எஞ்சின் சூடாகவே இல்லை, முள் மட்டும் சிவப்பில்: 1966 மாடல் காரில் மீட்டர் குழப்பம்

பழையவண்டி66 எழுதியது:

வணக்கம். என்னுடையது 1966 மாடல், நான்கு கதவு பிரிட்டிஷ் சலூன் கார். இரண்டு வருடம் ஷெட்டில் பிரித்துப் போட்டு, துருவை வெட்டி எடுத்து, அடிமுதல் நுனிவரை பெயிண்ட் அடித்து, போன மாதம்தான் ரோட்டுக்கு வந்தது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறேன். அப்போதே பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவ் எர்த்தாக மாற்றியாகிவிட்டது (பாடியோடு சேரும் பேட்டரி முனை முன்பு பிளஸ், இப்போது மைனஸ்).

கிளம்பிப் பத்து நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி ஏறுகிறது. கால் மணி நேரத்தில் சிவப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நானும் பயந்து வண்டியை ஓரம் கட்டி பானட்டைத் திறந்து பார்த்தால் கொதிப்பு இல்லை, ஆவி இல்லை, ஒன்றும் இல்லை. தெர்மோஸ்டாட் மாற்றினேன் (82 டிகிரி). ரேடியேட்டரைக் கழுவினேன். சென்சார் புதிதாக வாங்கிப் போட்டேன். அதே கதைதான். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை தெர்மோஸ்டாட் மூடிமேல் காட்டினால் 85 டிகிரிதான் வருகிறது.

மீட்டரே போய்விட்டதா? ஒருவர் பழைய மீட்டர் ஒன்று தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

கரிப்புகை எழுதியது:

வாங்காதீர்கள். ஏற்கனவே மூன்று வேலை வீணாகப் பார்த்துவிட்டீர்கள், நாலாவது எதற்கு?

முதலில் இக்னிஷன் ஆன் செய்து, சென்சாரில் மாட்டியிருக்கும் பச்சை-நீல வயரைக் கழற்றி எங்கும் படாமல் விடுங்கள். முள் சில நிமிடத்தில் C-க்கு (குளிர்ந்த பக்கம்) இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது, அல்லது மீட்டர் முள் சிக்கியிருக்கிறது.

இன்னொன்று: பெட்ரோல் முள் எப்படி? அதுவும் அதிகமாகக் காட்டுகிறதா? இரண்டும் சேர்ந்து ஏறினால் மீட்டர்களுக்குப் போகும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலைசர்தான், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பழையவண்டி66 எழுதியது:

வயரைக் கழற்றினேன், முள் மெதுவாக C-க்குப் போய்விட்டது. பெட்ரோல் முள்ளில் குறை இல்லை. டேங்க் 40 லிட்டர். 20 லிட்டர் இருக்கும்போது சரியாகப் பாதி காட்டுகிறது. அதனால்தான் அந்தப் பக்கமே நான் யோசிக்கவில்லை.

டாப்கியர்தாத்தா எழுதியது:

தம்பி, சென்சார் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினீர்களா? சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான். டேப்பைக் கனமாகச் சுற்றினால் எர்த் போய்விடும். நான் இப்படி ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

செம்புக்கம்பி எழுதியது:

தாத்தா சொன்னது உண்மைதான், ஆனால் இங்கே திசை பொருந்தவில்லை. இந்த வகை மீட்டரில் எர்த் கெட்டால் ரெசிஸ்டன்ஸ் கூடும், கரண்ட் குறையும், முள் இறங்கும். இவருக்கு முள் ஏறுகிறது. ஆகவே எங்கோ கரண்ட் கூடுகிறது. பழுது பார்க்கும்போது "கெட்டிருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல் எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது என்று கேட்டால் பாதிப் பொருட்களை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

உள்ளே நடப்பது இது. அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில் டெம்பரேச்சர், பெட்ரோல் இரண்டும் பெரும்பாலும் சூட்டில் இயங்கும் மீட்டர்கள். இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை ஒன்று, அதன்மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். கரண்ட் ஓடினால் கம்பி சுடும், பட்டை வளையும், முள் நகரும். அதனால்தான் சாவி போட்டதும் முள் துள்ளாமல் தூங்கி எழுந்தவன் மாதிரி நிதானமாக ஏறுகிறது.

சூட்டில் இயங்குவதால் ஒரு வம்பும் கூடவே வருகிறது: வோல்டேஜ் மாறினால் ரீடிங் மாறும். சூடு வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் 10 வோல்டுக்கு அளந்து செய்த மீட்டருக்கு 14 கொடுத்தால் சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதைத் தடுக்கத்தான் ஸ்டெபிலைசர். டேஷ்போர்டுக்குப் பின்னால், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகரப் பெட்டி. அதற்குள்ளும் அதே மாதிரி ஒரு பட்டை. சூடாகி கான்டாக்டைத் திறக்கும், ஆறியதும் மூடும். இப்படி விட்டுவிட்டுக் கொடுத்து சராசரியை 10 வோல்டில் நிறுத்தும்.

கேள்வி: வண்டி நிற்கும்போது ரேஸ் கொடுத்தால் சிறிது நேரத்தில் டெம்பரேச்சர் முள் இன்னும் ஏறுகிறதா? ஐட்லிங்கில் ஹெட்லைட்டைப் போட்டால் இறங்குகிறதா?

பழையவண்டி66 எழுதியது:

இப்போதுதான் கவனித்தேன். ஆமாம், ரேஸ் கொடுத்துப் பிடித்தால் ஏறுகிறது. ஹெட்லைட், வைப்பர், ஹார்ன் எல்லாம் போட்டு ஐட்லிங்கில் விட்டால் நன்றாகவே இறங்குகிறது. பெட்ரோல் முள்ளும் கூடவே ஆடுகிறது! நிற்கிற வண்டியில் பெட்ரோல் எப்படி ஏறி இறங்கும்?

செம்புக்கம்பி எழுதியது:

அப்படியானால் இரண்டு மீட்டருக்கும் போகிற வோல்டேஜ் கட்டுப்பாட்டில் இல்லை. ஸ்டெபிலைசரைத் தேடிப்பிடித்து அதன் I முனையில் அளந்து சொல்லுங்கள். B என்பது உள்ளே வரும் சப்ளை, I என்பது மீட்டருக்குப் போவது.

பெட்ரோல் முள் மட்டும் ஏன் சரியாகப் பாதி காட்டுகிறது என்பது எனக்கு இன்னும் இடிக்கிறது. அதை ஓரமாக வைத்துக்கொள்வோம்.

வெள்ளிஓட்டம் எழுதியது:

ஒரே வரியில் முடிகிற விஷயத்துக்கு எதற்கு இத்தனை? எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டுங்கள், முடிந்தது.

சோக்குவயர் எழுதியது:

முடிந்துதான் போனது, என் விஷயத்தில். என் வண்டி இன்னும் பாசிட்டிவ் எர்த். பழைய தகரப் பெட்டிக்கு பிளஸ் மைனஸ் கவலை இல்லை, சூடுதானே, எந்தப் பக்கம் ஓடினாலும் சுடும். எலக்ட்ரானிக்குக்கு அப்படி இல்லை. நெகட்டிவ் எர்த்துக்கான சிப்பை மாட்டி சாவியைத் திருப்பினேன், மணம் வந்தது. வாங்குகிறவர்கள் எந்த எர்த்துக்கு என்று பார்த்து வாங்குங்கள். எலக்ட்ரானிக்குக்கும் எர்த் வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பழையவண்டி66 எழுதியது:

ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் தலைகீழாகப் படுத்து, கழுத்து பிடித்துக்கொண்டு, ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். டிஜிட்டல் மல்டிமீட்டரில் I முனை: எஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட். சாவி மட்டும் போட்டால் 12.6. இரண்டு நிமிடம் பார்த்தேன், ஆடாமல் அப்படியே நிற்கிறது. 10 எங்கேயும் வரவில்லை.

கரிப்புகை எழுதியது:

ஆடாமல் நிற்பதுதான் நோய். ஆரோக்கியமான தகரப் பெட்டியை டிஜிட்டல் மீட்டரில் பார்த்தால் 0-க்கும் 12-க்கும் குதித்துக்கொண்டே இருக்கும், எண்ணைப் படிக்கவே முடியாது. அதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் நிறையப் பேர். சின்ன டெஸ்ட் பல்பு மாட்டினால் மின்னி மின்னி எரியும், அது போதும். முள் வைத்த பழைய மல்டிமீட்டர் இருந்தால் 10-ஐச் சுற்றி நடுங்குவது அழகாகத் தெரியும்.

மாற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒரு வயரை எடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஸ்டெபிலைசரின் தகர உடம்பிலும் வையுங்கள். B, I எதிலும் பட்டுவிடக் கூடாது.

பழையவண்டி66 எழுதியது:

அடடா! வயரை வைத்ததும் மல்டிமீட்டரில் எண்கள் குதிக்க ஆரம்பித்தன. ஓரிரு நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பிலிருந்து இறங்கி நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. வயரை எடுத்தால் மறுபடி ஏறுகிறது. ஸ்டெபிலைசர் கெடவே இல்லையா?

செம்புக்கம்பி எழுதியது:

கெடவில்லை. அதன் உள்ளே பட்டையைச் சுடவைக்கும் கம்பியின் மறுமுனை தகர உடம்பு வழியாக எர்த்துக்குப் போகிறது. எர்த் இல்லை என்றால் பட்டை சுடாது, கான்டாக்ட் திறக்காது, பேட்டரி வோல்டேஜ் நேராக மீட்டர்களுக்குப் போய்விடும். எர்த் திருகைக் கழற்றிப் பாருங்கள். அடியில் என்ன இருக்கும் என்று நான் இப்போதே சொல்கிறேன்: உங்கள் புது பெயிண்ட்.

டைனமோ காலத்தில் இதே கோளாறு இருந்திருந்தாலும் இவ்வளவு வெளியே தெரிந்திருக்காது. ஐட்லிங்கில் டைனமோ சரியாகச் சார்ஜ் ஏற்றாது. ஆல்டர்னேட்டர்தான் பெரும்பாலும் 14-ஐ ஒட்டியே நிற்கும்.

திரும்ப மாட்டும்போது பழையபடி நிமிர்ந்தே நிற்கட்டும். சூட்டில் இயங்குகிற பொருள், படுக்கவைத்தால் சராசரி மாறும்.

பழையவண்டி66 எழுதியது:

பெயிண்டேதான். டேஷ்போர்டின் பின்தகடு முழுக்கப் பளபளவென்று அடித்திருந்தார்கள். காசு கொடுத்து நானே வரவழைத்த வினை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கினேன். டெம்பரேச்சர் சரியாகிவிட்டது.

ஆனால் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டுவிட்டது! பாதி காட்டிக்கொண்டிருந்த பெட்ரோல் முள் இப்போது கால் பங்குக்கும் கீழே. சந்தேகப்பட்டு டேங்கை நிரப்பினேன். முழு டேங்குக்குப் பாதிதான் காட்டுகிறது. எர்த் திருகை மறுபடி கழற்றிவிடலாமா என்று இருக்கிறது.

சோக்குவயர் எழுதியது:

ஹா ஹா. கழற்றிவிட்டு, டெம்பரேச்சர் மீட்டர்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

செம்புக்கம்பி எழுதியது:

கெட்டுவிடவில்லை, முதலிலிருந்தே கெட்டிருந்தது. ஓரமாக வைத்த விஷயம் இதுதான். வோல்டேஜ் கூடியதால் முள் ஏற வேண்டும், ஆனால் ஏறவில்லை. அப்படியென்றால் அந்தப் பாதையில் மட்டும் கூடுதலாக ஒரு ரெசிஸ்டன்ஸ் அமர்ந்து கீழே இழுக்கிறது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு உங்களுக்குச் சரியான கணக்கு காட்டியிருக்கின்றன.

அளக்க வேண்டியவை:

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் மீட்டரின் இரு வயரையும் எடுத்து மீட்டரின் ஓம். பிறகு டேங்க் யூனிட்டில் (டேங்கில் மிதவையோடு இருக்கும் பெட்ரோல் சென்சார்) பச்சை-கறுப்பு வயரை எடுத்துவிட்டு, அதன் முனைக்கும் யூனிட்டின் தகட்டுக்கும் நடுவே ஓம். அப்புறம் அதே முனைக்கும் வண்டியின் பாடியில் பெயிண்ட் இல்லாத இடத்துக்கும் நடுவே ஓம். கடைசி இரண்டும் ஒரே எண்ணாக வர வேண்டும்.

டேங்க் பக்கத்தில் வேலை. பேட்டரி கழற்றியே இருக்கட்டும், காற்றோட்டம் இருக்கட்டும், சால்டரிங் அயர்னை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். முனை வெளியிலேயே இருக்கிறது, யூனிட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

டாப்கியர்தாத்தா எழுதியது:

ஓம் எல்லாம் எதற்கப்பா? நாங்கள் டேங்க் வயரை எடுத்துப் பாடியில் தொடுவோம். முள் ஏறினால் மீட்டர் நல்லது, டேங்க் யூனிட் கெட்டது. முடிந்தது கதை.

கரிப்புகை எழுதியது:

தாத்தா, உங்கள் வழி வேலை செய்யும், ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, சூட்டு மீட்டரில் இரண்டு மூன்று வினாடிக்குமேல் தொட்டு வைக்கக் கூடாது. ரெசிஸ்டன்ஸே இல்லாமல் முழு கரண்ட் ஓடினால் முள் F-ஐத் தாண்டிப்போய் பட்டை நிரந்தரமாகக் கோணிக்கொள்ளும். அதைவிட ஒரு 68 ஓம் ரெசிஸ்டரை வயர் முனைக்கும் பாடிக்கும் நடுவே மாட்டினால், இந்த வகை மீட்டர் பாதியை ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் மீட்டரும் வயரும் குற்றமற்றவை.

இரண்டாவது, இந்தச் சோதனையில் வயரைத் தொடுவது நல்ல எர்த்தில். அதனால் டேங்க் யூனிட்டின் எர்த் மட்டும் கெட்டிருந்தால் பழி யூனிட்மேல் விழும். புது யூனிட் வாங்கிப் போட்டும் அதே ரீடிங் வரும்.

மௌனவாசகி எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த ஓம் கணக்கெல்லாம் எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. என்னிடம் இருப்பது 60-களின் ஃபோர்டு, அமெரிக்க மாடல். அதுவும் சூட்டு மீட்டர்தான், ஆனால் ஸ்டெபிலைசர் சராசரி 5 வோல்ட். டேங்க் காலியாக இருந்தால் 73 ஓம், நிறைந்தால் 10 ஓம். பிரிட்டிஷ் வண்டிக்கான 10 வோல்ட் பெட்டியை இதில் மாட்டினால் மீட்டர் பாழ்.

என் அண்ணனுடையது செவர்லே. அதில் எல்லாமே தலைகீழ். காலிக்கு 0 ஓம், நிறைவுக்கு 90. உள்ளே இரண்டு காந்தச் சுருள்கள் முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ் போவதால் அது கூடினாலும் குறைந்தாலும் இழுபறி மாறாது. ஸ்டெபிலைசரே கிடையாது. வயரைக் கழற்றினால் முள் F-ஐத் தாண்டும், பாடியில் தொட்டால் E-க்குப் போகும். தாத்தா வழியில் சோதித்துவிட்டு மீட்டர் செத்துவிட்டது என்று அண்ணன் ஒரு நல்ல மீட்டரைக் கழற்றியே போட்டுவிட்டார்.

சாவி போட்டதும் முள் சட்டென்று தாவினால் காந்தம், சோம்பேறியாக ஏறினால் சூடு. இதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தால் போதும்.

அப்புறம் பழையவண்டி அண்ணா, பெயிண்ட் அடித்தபோது டேங்கையும் அடித்தீர்களா?

பழையவண்டி66 எழுதியது:

தங்கச்சி, அடித்தேன். இரண்டு கோட். டேங்க் பட்டைகளுக்கு அடியில் புது ரப்பரும் வைத்தேன், சத்தம் வரக் கூடாதென்று. எங்கே போகிறீர்கள் என்று புரிகிறது.

அளவுகள்: மீட்டர் 65 ஓம். டேங்க் முனைக்கும் யூனிட் தகட்டுக்கும் 22 (டேங்க் முழுசாக இருக்கிறது). முனைக்கும் பாடிக்கும் 74. டேங்கைக் கையால் தட்டினால் 74 என்பது 70, 80 என்று தாவுகிறது.

68 ஓம் ரெசிஸ்டர் கையில் இருந்தது, பேட்டரியைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். முள் சரியாகப் பாதியில் நின்றது.

செம்புக்கம்பி எழுதியது:

74-இல் 22 போனால் 52. அந்த 52 ஓம்தான் உங்கள் பெயிண்டும் ரப்பரும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், ரசிக்கும்படி இருக்கிறது. பாதி டேங்கில் யூனிட் ஏறத்தாழ 70 ஓம் காட்டும். மீட்டரின் 65-ஐச் சேர்த்தால் 135. நல்ல வண்டியில் 10 வோல்டை 135-ஆல் வகுத்தால் 74 மில்லியாம்பியர். உங்கள் வண்டியில் 14 வோல்ட், 135-உடன் 52 சேர்த்து 187. வகுத்தால் 75. முள்ளுக்கு வித்தியாசமே தெரியாது!

ஆனால் இது பாதியில் மட்டும்தான் பொருந்தும். நிறைந்த டேங்கில் 115 மில்லியாம்பியர் போக வேண்டிய இடத்தில் 101-தான் போயிருக்கும். எவ்வளவு ஊற்றினாலும் முள் F-ஐத் தொட்டிருக்காது. காலியில் நேர்மாறு, E-க்கு மேலேயே நின்றிருக்கும்.

பழையவண்டி66 எழுதியது:

தொடவே இல்லை! மிதவைக் கம்பி வளைந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். E-க்கு மேலே நின்றபடி ஒருநாள் வண்டி நின்றும் போனது. கார்புரேட்டரில் குப்பை என்று அதையும் பிரித்து மாட்டினேன். இப்போதுதான் தெரிகிறது, பெட்ரோலே இருந்திருக்காது.

கரிப்புகை எழுதியது:

டேங்கின் பெயிண்டைச் சுரண்ட வேண்டாம், மறுபடி துரு பிடிக்கும். யூனிட்டின் எர்த் முனையிலிருந்து தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்து, பாடியில் ஒரு திருகடியில் மட்டும் பெயிண்டை எடுத்து, பல் வாஷருடன் இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசிவிடுங்கள்.

சோக்குவயர் எழுதியது:

முழு பெயிண்ட் என்றால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையையும் பாருங்கள். எஞ்சின் ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பட்டை இல்லாவிட்டால் செல்ஃப் அடிக்கும் கரண்ட் வேறு வழி தேடும். என் வண்டியில் அது சோக் கேபிள் வழியாகப் போனது. பிடித்து இழுத்த கை சுட்டது, உறை உருகிப் புகை வந்தது. என் பெயருக்கு அதுதான் காரணம்.

ஒருவர் செல்ஃப் அடிக்க, மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மற்றதை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் வையுங்கள். அரை வோல்டுக்குமேல் காட்டினால் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

பழையவண்டி66 எழுதியது:

செல்ஃப் சோதனையில் 0.9 வோல்ட். பட்டையின் பாடிப்பக்க முனையைச் சுரண்டிய பிறகு 0.2. மூன்றாவது இடத்திலும் பெயிண்ட்! பெயிண்டரைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாக அடியுங்கள் என்று சொன்னது நான்தான்.

டேங்குக்குத் தனி எர்த் வயர் போட்டாயிற்று. முள் F-ஐத் தொட்டதைப் பார்த்து வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாருக்கும் ஆர்வம் இல்லை.

ஒரு பாக்கி: புது டெம்பரேச்சர் சென்சாரில் 85 டிகிரிக்கு முள் நடுவுக்குக் கீழேயே நிற்கிறது. பழையதையும் புதியதையும் ஒரே பாத்திரத்து வெந்நீரில் தொங்கவிட்டு அளந்தேன். சூடு ஏற ஏற இரண்டிலும் ஓம் இறங்குகிறது, ஆனால் ஒரே சூட்டில் புதியது எப்போதும் கூடுதலாகவே காட்டுகிறது. பழையதையே திரும்ப மாட்டினேன், முள் நடுவில் நிற்கிறது.

வெள்ளிஓட்டம் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். எலக்ட்ரானிக் பெட்டியை அதே பெயிண்ட்மேல் மாட்டியிருந்தால் அதற்கும் எர்த் கிடைத்திருக்காது. இங்கேயே வந்து அதையும் திட்டியிருப்பீர்கள்.

பழையவண்டி66 எழுதியது:

கடைசியாக ஒன்று செய்தேன். முள் E-ஐத் தொடும்வரை ஓட்டிவிட்டு, டேங்கில் மிச்சம் இருந்ததை வடித்து அளந்தேன்: 4 லிட்டர். பிறகு ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி முள் நிற்கும் இடத்தை ஒரு தாளில் குறித்து கையுறைப் பெட்டிக்குள் ஒட்டிவிட்டேன். அந்த 4 லிட்டரை மட்டும் தாளில் எழுதவில்லை. வண்டியை அடிக்கடி இரவல் கேட்கும் மைத்துனர் ஒருவர் இருக்கிறார்.